அறுந்தால் கூடுவதும் தீயை எதிர்ப்பதுமான தாவரப் பிசின்கள்

கருவேல மரத்தின் பட்டையைக் கத்தியால் கீறினால், சில நாட்களில் அவ்விடத்தில் பிசின் கசிந்து இறுகிக் காயத்தை மூடிவிடுவதைக் குடியானவர் யாவரும் கண்டிருப்பர். தடித்த தேக்கு உத்தரத்தில் தீப்பற்றினால் வெளிப்புறம் கரியாகி, அக்கரியே கவசமாக நின்று உள்மரத்தை நெடுநேரம் காக்கும். அதே தீயில் ஓலைக் கூரையோ நொடிப்பொழுதில் சாம்பலாகும். இவையும் கிராமங்களில் அறியாதன அல்ல. காயத்தைத் தானே மூடிக்கொள்ளுதல், கரியினால் தீயைத் தடுத்தல் ஆகிய இவ்விரண்டு குணங்களையும் மனிதர் செய்யும் பிசின்களிலும் பிளாஸ்டிக்குகளிலும் அமைப்பதற்கு ரசாயன நூலார் பல வருஷங்களாக முயன்று வருகின்றனர்.

அதற்கு வேண்டிய மூலப் பொருள்களுள் பல, ஆமணக்கு வித்து, முந்திரிக்கொட்டை ஓடு, அரிசித் தவிடு முதலியவற்றில் இருப்பதால், இவ்விஷயம் நிலமுடையோர் அறிந்துகொள்ளத் தக்கதாகிறது. இவற்றுள் சில ஏற்கெனவே பெரிய வியாபாரமாக நடைபெறுகின்றன. சில ஆராய்ச்சிச் சாலையை விட்டு இன்னும் வெளிவரவில்லை. இவ்வேற்றுமையை அறியாமல், எவரேனும் கூறும் ஆசை வார்த்தைகளை நம்பிப் பயிரை மாற்றுவோர் நஷ்டமடைவர். அறிந்தவரோ, இதுவரை வீணாகக் கழித்து வந்த பொருளுக்கும் விலையுண்டு என்பதை உணர்ந்து பயன்பெறுவர்.

பாலிமர் என்பது யாது?

நுண்ணிய அணுக்கூட்டங்கள் பல, மணிகளைக் கோத்தாற்போல் ஒன்றோடொன்று சேர்ந்து மிக நீண்ட சங்கிலியாக அமைவதைப் பாலிமர் என்பர். பருத்தி நூலும், சணல் நாரும், மரவள்ளி மாவும், ரப்பர்ப் பாலும் இயற்கை செய்த பாலிமர்களே. மண்ணெண்ணெய் தரும் அதே கச்சா எண்ணெயிலிருந்து செய்யப்படும் பாலிதீனும், பி.வி.சி. குழாயும் மனிதர் செய்த பாலிமர்கள்.

முதன்முதலில் வியாபாரத்திற்கு வந்த பிளாஸ்டிக் தாவரப் பொருளிலிருந்தே செய்யப்பட்டது. 1870-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹையட் என்பவர், நைட்ரிக் அமிலத்தால் மாற்றப்பட்ட பருத்திப் பொருளுடன் கற்பூரத்தைச் சேர்த்துச் செல்லுலாய்டு செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். தந்தத்திற்குப் பதிலாக அது சீப்புகளுக்கும் பொம்மைகளுக்கும், அதையொத்த பொருள் பின்னர் சினிமாப் படச் சுருள்களுக்கும் உபயோகப்பட்டது. ஆயினும் அது வெகு எளிதில் தீப்பற்றி எரிந்தது. தாவரத்திலிருந்து வந்தது என்ற காரணத்தால் மட்டும் ஒரு பொருள் பத்திரமானதாகிவிடாது என்பதற்கு இதுவே முதற்பாடமாகும்.

ஆமணக்கெண்ணெயின் விசேஷ குணம்

ஆமணக்கு வித்தில் 100-க்கு 45 முதல் 50 பங்கு வரையில் எண்ணெய் உண்டு. அவ்வெண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களில் 100-க்கு 85 முதல் 90 பங்கு ரிஸினோலெயிக் அமிலம் என்பதாகும். கடலையெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகியவற்றின் அமிலங்களில் இல்லாத ஒரு கொக்கி இவ்வமிலச் சங்கிலியின் நடுவில் அமைந்திருக்கிறது. இதை ஹைட்ராக்ஸில் என்பர். கொக்கியுள்ள சங்கிலியோடு மற்றொரு சங்கிலியை மாட்டுதல் எளிது. ஆகையால் மற்ற எண்ணெய்களைப் பல படிகளில் பக்குவப்படுத்திச் செய்ய வேண்டிய வேலையை ஆமணக்கெண்ணெய் நேராகவே செய்துவிடுகிறது. ஐசோசயனேட் என்னும் ரசாயனத்துடன் அதைச் சேர்த்தால் பாலியூரிதேன் என்னும் பிசின் உண்டாகிறது. இது பூச்சுகளுக்கும், ஒட்டுப் பசைகளுக்கும், மின்சாரச் சாமான்களில் ஈரம் புகாமல் அடைப்பதற்கும் உபயோகப்படுகிறது.

ஆமணக்கெண்ணெயைப் பக்குவப்படுத்தி, மிகுந்த சூட்டில் பிளந்து, அதில் கிடைக்கும் ஒரு பகுதியிலிருந்து நைலான் 11 என்னும் உறுதியான பிளாஸ்டிக்கைப் பிரான்ஸ் தேசத்தில் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் செய்து வருகின்றனர். லாரிகளின் காற்று பிரேக்குக் குழாய்களும், எரிபொருள் செல்லும் குழாய்களும் இதனாற் செய்யப்படுகின்றன. உலகில் ஆமணக்கை மிகுதியாக விளைவிக்கும் தேசம் இந்தியாவே. அதிலும் குஜராத் முதன்மையானது. தமிழ்நாட்டில் சேலம் ஜில்லாவிலுள்ள ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் உரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் நினைவில் இருத்தத் தக்கது. நைலான் 11 முற்றிலும் ஆமணக்கிலிருந்து வந்ததாயினும் மண்ணில் மக்காது. தாவரத்திலிருந்து பிறந்தது என்பது வேறு. மண்ணில் மக்கி ஒழிவது என்பது வேறு. விளம்பரங்களில் இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்படுவதுண்டு.

முந்திரி ஓட்டெண்ணெய்

முந்திரிக்கொட்டையின் எடையில் பெரும்பகுதி ஓடேயாகும். அவ்வோட்டின் நடுப்பாகம் தேன்கூடு போன்ற அறைகளை உடையது. அவ்வறைகளில் கறுப்பு கலந்த செந்நிறமான ஓர் எண்ணெய் இருக்கிறது. ஓட்டின் எடையில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு வரையில் இதை எடுக்கலாம். கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைப் புண்ணாக்குவது இவ்வெண்ணெயே. அதனால்தான் அவர்கள் சாம்பலோ எண்ணெயோ கைகளில் தடவிக்கொண்டு வேலை செய்கின்றனர்.

ஓட்டைப் பச்சையாக ஆட்டினால் இவ்வெண்ணெயில் மிகுந்திருப்பது அனகார்டிக் அமிலம். அதைச் சூடாக்கினால் கரியமில வாயு நீங்கிக் கார்டனால் என்னும் பொருளாக மாறும். கார்டனாலின் ஒரு முனை பீனால் என்பதன் வளையம். மற்றொரு முனை 15 கரியணுக்களைக் கொண்ட எண்ணெய்ச் சங்கிலி. பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்து 1907-இல் லியோ பேக்லாண்டு என்பவர் பேக்லைட் என்னும் கடினமான பிசினைக் கண்டுபிடித்தார். மின்சார ஸ்விச்சுகளுக்கு அது வெகுகாலம் வழங்கி வந்தது. அதே முறையில் கார்டனாலிலிருந்தும் பிசின் செய்யலாம். மோட்டார் வண்டிகளின் பிரேக்குப் பட்டைகளில் இப்பிசினின் பொடி சேர்க்கப்படுகிறது. உராய்வினால் உண்டாகும் கடுஞ்சூட்டை அது தாங்குகிறது. கப்பல்களின் அடிப்பாகத்திற்குப் பூசும் எபாக்ஸிப் பூச்சுகளை ஈரத்திலும் குளிரிலும் இறுகச் செய்யும் மருந்துகளும் இதிலிருந்தே செய்யப்படுகின்றன. பண்ருட்டிப் பக்கத்தில் அடுப்பெரிக்கவும் உதவும் ஓட்டிற்கு இவ்வளவு உபயோகங்கள் உண்டு.

அறுந்தது மீண்டும் கூடும் விதம்

சாதாரணப் பிளாஸ்டிக் அறுந்தால் அதன் சங்கிலிகளும் அறுந்தே போகின்றன. அவற்றை மீண்டும் கூட்டுவதற்கு மூன்று வழிகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன.

முதல் வழி, மருந்தை உள்ளேயே அடைத்து வைப்பது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டால் இறுகும் குணமுடையது. இவ்வெண்ணெயைக் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கூடுகளில் அடைத்துப் பூச்சுடன் கலந்து தடவினால், பூச்சு வெடிக்குமிடத்தில் கூடுகளும் உடைந்து, எண்ணெய் கசிந்து, இறுகி, வெடிப்பை மூடும். கருவேல மரம் செய்வதும் ஏறக்குறைய இதுவே. இதில் குறை யாதெனில், ஓரிடத்தில் ஒருமுறை செலவான மருந்து அவ்விடத்திற்கு மறுமுறை கிடைக்காது.

இரண்டாவது வழி, சங்கிலிகளை இறுகக் கட்டாமல், கையோடு கை கோத்தாற்போல் இலேசாகப் பிணைத்து வைப்பது. 2008-ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தில் லுத்விக் லைப்லர் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும், தாவர எண்ணெய்களிற் கிடைக்கும் கொழுப்பமிலங்களுடன் அமீன் என்னும் வகைப் பொருளையும் யூரியாவையும் சேர்த்து ஒருவித ரப்பரைச் செய்தனர். அதைக் கத்தியால் இரண்டாக வெட்டி, வெட்டுவாய்களை ஒன்றோடொன்று பொருத்தி வைத்தால், சூடும் பசையும் இன்றியே மீண்டும் கூடிவிடுகிறது. கூடியபின் இழுத்தால் நீளுகிறது. ஆயினும் வெட்டிய துண்டுகளைப் பிரித்து வெகுநேரம் வைத்திருந்து பின்னர்ப் பொருத்தினால் நன்றாகக் கூடுவதில்லை. ஏனெனில், ஒரு வெட்டுவாயில் விடுபட்ட கைகள் நாளடைவில் தம்முள்ளேயே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. காயத்தை உடனே கட்ட வேண்டும் என்னும் வைத்தியர் வாக்கு இங்கும் பொருந்துகிறது.

மூன்றாவது வழி, சூட்டில் மட்டும் இடம் மாறும் உறுதியான இணைப்புகளை அமைப்பது. இவ்வகைப் பொருளை லைப்லர் கூட்டத்தாரே 2011-இல் வெளியிட்டனர். இவற்றுக்கு விட்ரிமர் என்று பெயர். 2013-இல் அர்ஜென்டினா தேசத்து ஆராய்ச்சியாளர், பக்குவப்படுத்திய சோயா எண்ணெயையும், எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலத்தையும் சேர்த்து, சூடாக்கினால் வெடிப்பு கூடும் பிசினைச் செய்தனர். இவ்வகைப் பொருள் சாதாரண வெப்பத்தில் உறுதியாக நிற்கும்; கீறல் கூடுவதற்கு மாத்திரம் சூடு வேண்டும். உடைந்த பண்டத்தை எறிந்துவிடாமல் மீண்டும் சூடாக்கி வார்க்கலாம் என்பது இதன் பெரிய நன்மை.

தீயை எதிர்க்கும் விதம்

பிளாஸ்டிக் எரியும்போது எரிவது பெரும்பாலும் அப்பொருளன்று. சூட்டினால் அதிலிருந்து கிளம்பும் வாயுவே எரிகிறது. அவ்வெரிச்சலின் சூடு மேலும் வாயுவைக் கிளப்புகிறது. இச்சுழலை ஓரிடத்தில் அறுத்தால் தீ அடங்கும். காற்றில் 100-க்கு 21 பங்கு ஆக்ஸிஜன் உண்டு. பாலிதீனும் பருத்தியும் எரிவதற்கு ஏறக்குறைய 18 பங்கே போதும்; ஆகையால் அவை காற்றில் தாராளமாக எரிகின்றன. 26 பங்குக்கு மேல் வேண்டிய பொருள், பற்றவைத்த தீயை எடுத்தவுடன் பெரும்பாலும் தானே அணைந்துவிடும்.

இதற்கு முன்னர் புரோமின் சேர்ந்த ரசாயனங்கள் பல உபயோகிக்கப்பட்டு வந்தன. அவற்றுட் சில நீரிலும் மண்ணிலும் பிராணிகளின் கொழுப்பிலும் அழியாது தங்குவது தெரிந்ததனால், 2009 முதல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கீழ் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக ஆராயப்படுவனவற்றுள் பாஸ்பரஸ் முக்கியமானது. பாஸ்பரஸ் உப்புகள் சூடுபட்டால் அமிலமாகி, நாரிலும் மாவிலுமுள்ள நீரின் கூறுகளை விலக்கிக் கரியை மிச்சப்படுத்துகின்றன. அக்கரி, தேக்கு உத்தரத்தின் கரியைப்போலக் கவசமாகிறது. துணிகள் தீப்பற்றாமல் தடுக்க அம்மோனியம் பாஸ்பேட்டும் வெங்காரமும் உதவும் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி கே-லுஸாக் 1821-இலேயே வெளியிட்டார். குடியானவர் அடியுரமாக இடும் டி.ஏ.பி. என்பதும் அம்மோனியம் பாஸ்பேட்டேயாகும்.

வயலில் இட்ட பாஸ்பரஸின் கதி யாது என்பதும் இங்கே கவனிக்கத் தக்கது. பயிர் அதை உறிஞ்சி, முளைக்கு வேண்டிய சேமிப்பாக வித்தில் வைக்கிறது. வித்திலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டிக் அமிலத்தின் உருவிலேயே இருக்கிறது. இவ்வமிலத்தின் எடையில் 100-க்கு 28 பங்கு பாஸ்பரஸ். அரிசியில் இது மேற்படலத்தில் மிகுந்திருப்பதால், தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிறது. எண்ணெயில் கரையாதாகையால், எண்ணெய் எடுத்த தவிட்டிலும் தங்கியே இருக்கும். கோழிகள் இதை நன்கு ஜீரணிக்க மாட்டா. ஆனால் தீத்தடுப்புக்கு இது உகந்தது. 2012-இல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் ஆராய்ச்சியாளர், பைட்டிக் அமிலத்தையும், இறால் நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோஸானையும் பருத்தித் துணியின்மேல் மாறி மாறி மெல்லிய படலங்களாகப் படிய வைத்து, துணி எரிவதைக் குறைத்துக் காட்டினர்.

பாஸ்பரஸ் செய்யும் காரியத்தை நேரிற் காண விரும்புவோர், பழைய பருத்தித் துணியில் இரண்டு சிறு பட்டைகளைக் கிழித்து, ஒன்றை மட்டும் ஒரு பங்கு டி.ஏ.பி.யைப் பத்துப் பங்கு நீரில் கரைத்து வடித்த கரைசலில் நனைத்து நன்றாக உலர்த்தி, திறந்த வெளியில், நீர் பக்கத்திலிருக்க, இடுக்கியாற் பிடித்து இரண்டிலும் தீ வைத்துப் பார்க்கலாம். நனைக்காத பட்டை எரிந்து போகும். நனைத்தது கரியாகி நிற்கும். பின்னர் அத்தகைய மற்றொரு பட்டையை நீரில் அலசி உலர்த்தித் தீ வைத்தால் முதற்பட்டையைப்போலவே எரியும். உப்பு நீரில் கரைந்து போனதே காரணம். ஆகையால் இக்கரைசலைக் கூரையில் தெளித்துவிட்டு, மழைக்குப் பின்னும் காவல் உண்டென்று நம்பியிருத்தல் கூடாது.

இரண்டு குணங்களும் ஒருங்கே அமைவதிலுள்ள கஷ்டம்

அறுந்தது கூட வேண்டுமானால் சங்கிலிகள் அசைய வேண்டும்; தீயை எதிர்க்க வேண்டுமானால் அவை அசையாமல் நின்று கரியாக வேண்டும். இலேசான பிணைப்புடைய பொருள் சூட்டில் இளகிச் சொட்டும். சொட்டும் எரிதுளி கீழேயுள்ளதையும் பற்றவைக்கும். தீத்தடுப்புப் பொடியை மிகுதியாகச் சேர்த்தாலோ பொருள் விறைத்து, வெட்டுவாய்கள் கூடும் குணம் குன்றும். கார்டனாலின் வளையம் கரியாவதற்கு உதவுகிறது. அதன் எண்ணெய்ச் சங்கிலியோ எரிவதற்கு இடங்கொடுக்கிறது. பைட்டிக் அமிலம் நீரில் கரைவதால் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் பண்டங்களில் எளிதில் நிலைப்பதில்லை.

இக்கஷ்டத்தை நீக்கும் பொருட்டு, பாஸ்பரஸைப் பொடியாகத் தூவாமல் சங்கிலியோடேயே பிணைத்து, சூட்டில் இடம் மாறும் இணைப்பும் தீயைத் தடுக்கும் பொருளும் ஒன்றாகவே இருக்குமாறு அமைக்க ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர். ஆமணக்கெண்ணெயையும் கார்டனாலையும் கொண்டு இத்தகைய சோதனைகள் நடைபெறுகின்றன. சிறு துண்டுகளில் பலன் காணப்பட்டிருக்கிறது. ஆயினும், கிழிந்தால் தானே கூடி, தீயிலும் எரியாத தார்ப்பாயோ, வெடித்தால் தானே அடைபடும் பாசனக் குழாயோ கடையில் வாங்கும் விலைக்கு வந்துவிடவில்லை. தீயை எதிர்க்கும் பொருளும் தீயில் அழியாத பொருளன்று. ஓடித் தப்பவும் நீர் கொண்டு வரவும் சிறிது அவகாசம் தருவதே அதன் பயன்.

நிலமுடையோர் கவனிக்க வேண்டியவை

1. இப்புதிய பிசின்களை எண்ணி நெல்லும் சிறுதானியமும் விளையும் நிலத்தை ஆமணக்குக்கு மாற்றுதல் தகாது. மானாவாரி நிலங்களிலும், நிலக்கடலை முதலிய பயிர்களின் ஓரங்களிலும் அதை விளைவித்தலே ஏற்றது. நிலக்கடலையைத் தாக்கும் புரோடீனியாப் புழுவின் தாய்ப் பூச்சி ஆமணக்கிலையை விரும்பி முட்டையிடுவதால், ஓரத்துச் செடிகள் பொறிப் பயிராகவும் உதவும். முட்டைக் குவியல்களையும் இளம் புழுக்களையும் இலையோடு கிள்ளி அழித்தல் அவசியம். தவறினால் ஓரப்பயிரே புழுக்களுக்கு நாற்றங்காலாகும்.

2. பிசின் செய்யும் ஆலைகள் தேடுவது சுத்தமான, புளிப்பேறாத எண்ணெய். ஈரவித்தும், உடைந்த வித்தும் புளிப்பை மிகுவிக்கும். ஆகையால் காய்களை நன்கு முற்றவிட்டுப் பறித்து, உலர்த்தி, வித்து நொறுங்காமல் உடைத்தெடுத்துக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். ஆமணக்குப் பிண்ணாக்கு நல்ல எரு. ஆனால் அதில் ரிஸின் என்னும் கொடிய விஷம் இருப்பதால் கால்நடைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

3. முந்திரி உடைக்குமிடங்களில் ஓட்டைப் பருப்புத் தோலோடும் குப்பையோடும் கலவாமல் தனியே சேர்த்து, நனையாமல் காத்து, எண்ணெய் எடுப்போருக்கு விற்றல் நலம். எண்ணெய் எடுத்த பின்னும் சக்கை விறகாக உதவும். பச்சை ஓட்டை அடுப்பிலிட்டால் கிளம்பும் புகை கண்ணையும் தொண்டையையும் உறுத்தும்.

4. தவிடு அரைத்த சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். ஆகையால் அதைத் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் எண்ணெய் ஆலைக்கு அனுப்புவோருக்கே நல்ல விலை கிடைக்கும். பைட்டிக் அமிலத்திற்காகத் தவிடு வாங்குவோர் நாளை வரினும், கெட்டழிந்த தவிட்டை அவர் விரும்பார்.

கிராமாதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

புதிய பிளாஸ்டிக்குக்கு மூலப் பொருள் வேண்டுமென்று கூறி விதையை அதிக விலைக்கு விற்று, விளைச்சலைத் தாமே வாங்கிக்கொள்வதாக வாக்களிப்போர் கிராமத்திற்கு வந்தால், வாங்கும் விலை, தரம், நாள், வாங்கும் ஆலையின் பெயர் ஆகிய நான்கும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக் குடியானவர்களுக்கு எடுத்துரைத்தல் கிராமாதிகாரிகளின் கடமையாகும். இந்நான்கில் ஒன்று குறையினும் அவ்வொப்பந்தத்தில் கையெழுத்திடாதிருத்தலே நன்று.

பழைய பி.வி.சி. குழாய்களையும் கிழிந்த பாலிதீன் விரிப்புகளையும் வயலோரத்தில் கொளுத்தும் வழக்கத்தையும் அவர்கள் தடுக்க வேண்டும். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். இவற்றைச் சேர்த்துப் பழைய பிளாஸ்டிக் வாங்குவோரிடம் கொடுத்தல் தகும். வைக்கோற் போர்களை வீடுகளுக்கும் மின்கம்பிகளுக்கும் விலக்கி அமைத்தலும், ஒன்றற்கும் மற்றொன்றற்கும் இடைவெளி விடுதலும், பக்கத்தில் நீர்த் தொட்டி வைத்தலும் இன்றும் செலவின்றிக் கிடைக்கும் சிறந்த தீத்தடுப்பு முறைகளாகும். எப்பிசின் வந்தாலும் இவற்றுக்கு ஈடாகாது.

ஆமணக்கின் கொக்கியும், முந்திரி ஓட்டின் வளையமும், தவிட்டின் பாஸ்பரஸும் வருங்காலத்தில் ஒரே பொருளில் ஒன்று சேரக்கூடும். அதுவரையில் வித்தை உலர்த்தியும், ஓட்டைப் பிரித்தும், தவிட்டைக் கெடாமல் அனுப்பியும் வருவோர்க்கு இன்றைய சந்தையிலேயே அதற்குரிய பலன் உண்டு. புதிய பொருள் வரும் நாளில் முதலில் அதன் பயனைப் பெறுவோரும் அவர்களேயாவர்.